இரவல் முகங்களும் சொந்தக் கோடும்

சித்திரக்கதை என்றதும் அதைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். பாடநூல்களுக்கு நடுவே மறைத்து வைக்கப்பட்ட அந்த மெல்லிய தாள் புத்தகங்களைப் பறித்துக் கண்டித்த பெற்றோரும் ஆசிரியரும் நம்மிடையே பலர். கண்டித்தவர்களின் வரிசையில் நாமும் நின்றிருக்கிறோம். இன்று அந்த வரிசையிலிருந்து ஓரடி விலகி நின்று, அக்கலையில் உழைத்து இளமையிலேயே மறைந்துபோன ஓர் ஓவியரைப் பற்றி வாசகர்களோடு உரையாட விழைகிறோம். அவர் குரோஷிய நாட்டைச் சேர்ந்த எட்வின் பியுகோவிச்.

பியுகோவிச் 1969ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் பிறந்தார். 1999ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் நோயால் மறைந்தார். முப்பது ஆண்டுகளும் சில மாதங்களும் மட்டுமே நீடித்த வாழ்க்கை. உலக அரங்கில் அவர் பெயர் அறியப்பட்டது அதன் கடைசி ஐந்தாறு ஆண்டுகளில்தான். அவர் வரைந்து அச்சேறிய முதன்மைப் படைப்புகளை ஒரு சிறிய மேசையின் மேல் அடுக்கிவிடலாம். ஆயினும் அந்தச் சிறிய அடுக்கைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று நம் கண்ணை உறுத்தியது. முதலில் அவர் வரைந்தது முகமூடி அணிந்த போர்வீரர்களின் கதை. அடுத்து வரைந்தது தலைக்கவசம் அணிந்த விண்வெளி வீரர்களின் கதை. இறுதியாக வரைந்தது பிறருடைய முகத்தைத் தன் முகமாக அணிந்துகொள்ளும் ஒருவனின் கதை. மூன்றிலும் முகம் மறைக்கப்படுகிறது. மூன்றையும் எழுதியவர் ஒருவரே அல்லர். வரைந்தவரோ முகங்களை வரைவதில் தம் தலைமுறையில் தனித்து நின்றவர்.

இதனை வெறும் தற்செயல் என்று கொண்டாலும், இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. கலைஞன் எவனும் முன்னோரின் கைவண்ணத்தை இரவல் வாங்கியே தொடங்குகிறான். அந்த இரவல் முகத்தை அணிந்துகொண்டு நடக்கையில் அவன் தன் முகத்தை இழக்கிறானா, கண்டடைகிறானா? பியுகோவிச்சின் படைப்புகள் இக்கேள்விக்கு விடை தருகின்றன என்பது நம் எண்ணம்.

மண்ணும் மரபும்

குரோஷியச் சித்திரக்கதையின் தந்தை என்று போற்றப்படுபவர் ஆந்திரியா மவுரோவிச். 1901இல் கோட்டோர் வளைகுடாவின் கரையிலுள்ள மூவோ என்னும் சிற்றூரில் பிறந்த இவர், 1935இல் ஜாக்ரெப் நகரத்தின் 'நோவோஸ்தி' நாளிதழில் 'வாளின் மணப்பெண்' என்னும் தொடரை வரையத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்காவில் அலெக்ஸ் ரேமண்டின் 'பிளாஷ் கார்டன்' தொடங்கியிருந்தது. சாகசக் கதை என்னும் வகை கடல் கடந்து வந்தது. ஆனால் மவுரோவிச் அதனை வந்தபடியே ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்க மேற்கு நிலத்துக் கதைகளை அவரும் வரைந்தார். அவற்றின் புகழ்பெற்ற நாயகனோ 'கிழப்பூனை' என்னும் பட்டப்பெயர் கொண்ட நரைதாடி முதியவன். அழகும் இளமையும் பொலியும் அமெரிக்க நாயகர்களுக்கு நடுவில் இந்தக் கிழவனின் சுருக்கம் விழுந்த முகம் தனியே தெரிந்தது. இரவல் வாங்கிய கதைவகையில் தன் மண்ணின் முகத்தைப் பொருத்துவது எப்படி என்பதைப் பின்வந்தவர்களுக்கு மவுரோவிச் காட்டிச் சென்றார். அவர் 1981இல் மறைந்தபோது பியுகோவிச்சுக்கு வயது பன்னிரண்டு.

மவுரோவிச்சுக்கும் பியுகோவிச்சுக்கும் இடையிலான காலத்தில் ஜாக்ரெப் நகரம் கோடுகளின் நகரமாகவே வளர்ந்தது. 1945க்குப் பின் ஆட்சிக்கு வந்த பொதுவுடைமை அரசு சித்திரக்கதைகளை முதலாளித்துவச் சரக்கு என்று ஐயுற்றதால் சில ஆண்டுகள் அக்கலை ஏறத்தாழ மறைந்தே கிடந்தது. ஐம்பதுகளில் மீண்டும் தழைத்தது. அசைவூட்டப் படங்களை உருவாக்கிய 'ஜாக்ரெப் பிலிம்' நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. அந்நிறுவனத்தின் துஷான் வுகோட்டிச் இயக்கிய 'சுரோகாத்' என்னும் குறும்படம் 1962இல் ஆஸ்கர் விருது பெற்றது. அசைவூட்டக் குறும்படத்துக்கான அவ்விருதை அமெரிக்கர் அல்லாத ஒருவர் பெற்றது அதுவே முதல் முறை. எழுபதுகளின் பிற்பகுதியில் 'புதிய சதுரம்' என்னும் பெயரில் இளம் ஓவியர் குழு ஒன்று எழுந்தது. மிர்க்கோ இலிச், இகோர் கோர்தெய், கிரெஷிமிர் சிமோனிச் முதலியோர் அதில் இருந்தனர். இவர்கள் சித்திரக்கதையைச் சிறுவர் அறையிலிருந்து வெளியே அழைத்து வந்து, வளர்ந்தவர்களின் அச்சத்தையும் கனவையும் பேச வைத்தனர்.

இத்தகைய நகரத்தின் பிள்ளை பியுகோவிச். ஒரு கலைஞனைத் தனிமனித மேதைமையாக மட்டும் பார்ப்பது முழுமையான பார்வை ஆகாது. தந்தையும் பாட்டனும் உழுத நிலத்தில்தான் பேரனின் விதை விழுகிறது.

கற்றுத் தந்த கைகள்

பியுகோவிச்சின் கோட்டை உற்றுப் பார்க்கும்போது மூன்று அயல்நாட்டுக் கைகளின் உறவு நமக்குத் தெரிகிறது. இஃது ஓவியங்களை வைத்து நாம் செய்யும் வாசிப்பு.

முதலாவது, இத்தாலியின் மாக்னுஸ். இவர் மாக்ஸ் புங்கருடன் இணைந்து 1969இல் தொடங்கிய 'ஆலன் போர்டு' என்னும் நகைச்சுவைத் தொடர், நேனாத் பிரிக்சியின் குரோஷிய மொழிபெயர்ப்பில் யூகோஸ்லாவியாவில் பெற்ற வரவேற்பு வியப்புக்குரியது. பிறந்த நாட்டுக்கு வெளியே வேறெங்கும் வேர்விடாத அத்தொடர், அங்கே வீட்டு மொழியிலேயே கலந்துவிட்டது. ஒரு பூக்கடையின் மறைவில் இயங்கும், கையில் காசில்லாத உளவாளிகளின் கதை அது. மாக்னுஸ் வரைந்த முகங்கள் கோணலானவை. மூக்கும் தாடையும் பெருத்தவை. ஆயினும் அக்கோணலுக்குள் ஏழ்மையும் தந்திரமும் பசியும் தெளிவாகப் பேசின. முகத்தைச் சற்றே மிகைப்படுத்தினால் உண்மை குறைவதில்லை, கூடுகிறது என்னும் பாடம் அதில் இருந்தது. பியுகோவிச்சின் மாந்தர் முகங்களில் இப்பாடம் அடக்கமான அளவில் ஒலிக்கக் காண்கிறோம்.

இரண்டாவது, பிரான்சின் ழான் ஜிரோ. இவரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் 'கேப்டன் டைகர்' கதைகளைப் படித்தவர்கள் ஜிரோவின் தூரிகையை ஏற்கெனவே அறிந்தவர்களே. 1963இல் 'புளூபெர்ரி' என்னும் பெயரில் பிரெஞ்சில் தொடங்கிய கதைகளே அவை. புழுதி, வியர்வை, தோலின் கரடுமுரடு, குதிரையின் சோர்வு ஆகிய அனைத்தையும் கறுப்பு மையால் தொட்டுணரச் செய்தவர் ஜிரோ. இவரே 'மோபியஸ்' என்னும் வேறொரு பெயரில், நூலிழை போன்ற மெல்லிய கோட்டால் கனவுலகங்களையும் வரைந்தார். ஒரே மனிதருக்கு இரண்டு கையொப்பங்கள், இரண்டு முகங்கள். இரண்டும் பொய்யல்ல. பியுகோவிச் வரைந்த தூசு படிந்த எதிர்காலத்தில் இவ்விரு கைகளின் சாயலும் கலந்திருக்கிறது.

மூன்றாவது, அமெரிக்காவின் அலெக்ஸ் டோத். கோட்டைச் சேர்ப்பதிலன்றி விடுவதில் பெயர் பெற்றவர். ஒரு முகத்தின் பாதியை நிழலில் மூழ்கடித்து, எஞ்சிய பாதியைக் காண்பவரே நிறைவு செய்யுமாறு விட்டுவிடுவார். மாக்னுஸ் சேர்க்கச் சொல்கிறார். டோத் கழிக்கச் சொல்கிறார். இவ்விரு எதிர்ப்பாடங்களையும் ஒரே கையில் பொருத்துவது எளிதன்று. பியுகோவிச் அவற்றைப் பொருத்தினார்: முகத்தில் சேர்த்தார், சூழலில் கழித்தார். ஒரு கட்டத்தில் அறையைப் பற்றிச் சொல்ல இரண்டு கோடுகள் போதும் என்று கருதியவர், அவ்வறையில் நிற்கும் மனிதனின் கண்ணோரச் சுருக்கத்துக்கு ஐந்து கோடுகள் தந்தார். எதை மதிப்புடையதாகக் கருதினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முகமூடிப் படை

1991இல் யூகோஸ்லாவியா உடைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் ஜாக்ரெப்பில் அரசுத் தலைவரின் மாளிகை மீது வான்வழித் தாக்குதல் நடந்தது. நவம்பரில், 87 நாள் முற்றுகைக்குப் பின் வுகோவார் நகரம் வீழ்ந்தது. 1992இல் போர் பொஸ்னியாவுக்குப் பரவியது. 1995 மே மாதத் தொடக்கத்தில்கூட ஜாக்ரெப்பின் தெருக்களில் ஏவுகணைகள் விழுந்து மக்கள் மடிந்தனர். ஒரே மொழியின் கிளைகளைப் பேசி, ஒரே கடையில் ரொட்டி வாங்கி, ஒரே சித்திரக்கதையைப் படித்துச் சிரித்த அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் பகைவராயினர். பியுகோவிச்சின் இருபதுகளின் முற்பகுதி இப்படிக் கழிந்தது.

இக்காலத்தில்தான் அவருக்கும் டார்கோ மாட்சானுக்கும் அமெரிக்காவின் கதவு திறந்தது. மாட்சான் 1966இல் பிறந்தவர், எழுத்தாளர். அமெரிக்க ஓவியர் மாட் வாக்னர் 1982இல் உருவாக்கிய 'கிரெண்டல்' என்னும் கதையுலகில், பிற படைப்பாளிகளும் தம் கதைகளைச் சொல்லுமாறு 'டார்க் ஹார்ஸ்' பதிப்பகம் 'கிரெண்டல் கதைகள்' என்னும் வரிசையைத் தொடங்கியிருந்தது. கிரெண்டல் என்பது பழைய ஆங்கிலக் காப்பியத்தில் வரும் அரக்கனின் பெயர். வாக்னரின் கதையில் முதலில் அது ஒரு முகமூடிக் கொலைஞனின் பெயராக இருந்தது. பின்னர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிச் செல்லும் வன்முறையின் ஆவியாக மாறியது. எதிர்காலத்தில் ஒரு போர்வீரர் சாதிக்கே அப்பெயர் உரியதாயிற்று. அந்த வீரர் அனைவரும் ஒரே வகைக் கறுப்பு முகமூடியை அணிகின்றனர்.

மாட்சான் எழுத, பியுகோவிச் வரைய, 1994இல் 'பேய்களும் சாவுகளும்', 1995இல் 'பேயின் தேர்வுகள்' என இரு கதைகள் வெளிவந்தன. போர் நடந்துகொண்டிருந்த மண்ணிலிருந்து வரைந்து அனுப்பப்பட்ட பக்கங்கள் அவை. களம் எதிர்கால ஐரோப்பா. ஆனால் கதைமாந்தரின் பெயர்களில் ஸ்லாவிய மொழியின் ஒலி கேட்கிறது. எங்கோ நடப்பதாகச் சொல்லப்படும் போர் எங்கே நடக்கிறது என்பதை உணர வாசகனுக்கு நெடுநேரம் ஆவதில்லை.

இக்கதைகளில் வன்முறை மிகுதி. சிறுவர் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பியுகோவிச் வன்முறையை வரைந்த முறையில் ஓர் அறவுணர்வைக் காண்கிறோம். போரைக் கவர்ச்சிப் பொருளாக்கும் ஓவியர் வாளின் வளைவையும் உடலின் பாய்ச்சலையும் பெரிதாக வரைவார். முகமூடிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். யார் வீழ்ந்தாலும் நமக்கு வலிக்காது. முகமூடியின் பயனே அதுதான். அணிந்தவனுக்கு அது துணிவு தருகிறது. எதிரில் நிற்பவனுக்கு அவன் மனிதன் என்பதை மறைக்கிறது. பியுகோவிச்சோ மீண்டும் மீண்டும் முகமூடியைக் கழற்றிவிடுகிறார். உள்ளே இருப்பது அரக்கனன்று. சவரம் செய்யாத தாடை, உறக்கமில்லாத கண், அசட்டுச் சிரிப்பு, அச்சம். நேற்றுவரை தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்த ஒருவன். படையின் சீருடைக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மூக்கும் தனித்தனிச் சோர்வும் தருகிற அந்தப் பொறுமையில், அக்காலத்து அரசியல் மேடைகளில் கேட்காத ஓர் உண்மை இருக்கிறது: கொல்லுகிறவனுக்கும் முகம் உண்டு, கொல்லப்படுகிறவனுக்கும் முகம் உண்டு.

இப்படைப்புக்காக 1995இல் சான்டியேகோ நகரில் அவருக்கு ரஸ் மானிங் விருது வழங்கப்பட்டது. நம்பிக்கையூட்டும் புதுமுகக் கலைஞருக்குரிய விருது அது.

கவசத்துக்குள் அகப்பட்ட கை

விருதுக்குப் பின் வாய்ப்புகள் வந்தன. ரஸ் மானிங் தம் இறுதி ஆண்டுகளில் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் நாளிதழ்த் தொடரை வரைந்தவர். அவர் பெயரால் விருது பெற்ற இளைஞரும் அதே 'ஸ்டார் வார்ஸ்' உலகுக்கு வந்து சேர்ந்தார். 1996இல், மைக்கேல் ஸ்டாக்போலும் மாட்சானும் எழுதிய 'மாய விவகாரம்' என்னும் விண்வெளி வீரர் கதையை வரைந்தார். 1997, 1998 ஆண்டுகளில், டிமோத்தி ஸானின் நாவலைத் தழுவி மைக் பாரன் எழுதிய 'கடைசிக் கட்டளை'யை ஆறு இதழ்களில் வரைந்தார்.

இங்கு அமெரிக்கச் சித்திரக்கதைத் தொழிலின் முறையை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். கதையை ஒருவர் எழுதுவார். இன்னொருவர் பென்சிலால் வரைவார். வேறொருவர் அதன்மேல் மையிடுவார். வண்ணம் தீட்டுபவரும் பேச்சுக்குமிழில் எழுத்துப் பொறிப்பவரும் தனியே உண்டு. மாதந்தோறும் இருபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். தொழிற்சாலையின் ஒழுங்கு இது. 'கடைசிக் கட்டளை'யில் பியுகோவிச்சின் பென்சிலுக்கு மையிட்டவர் எரிக் ஷானவர். தேர்ந்த கலைஞர், அவருடைய கோடு நுண்மையும் தூய்மையும் வாய்ந்தது. ஆயினும் பியுகோவிச்சின் கரடுமுரடான உயிர்ப்பு அத்தூய்மைக்குள் சற்று அடங்கிப்போனது என்றே நமக்குப் படுகிறது.

இன்னொரு தடையும் இருந்தது. 'ஸ்டார் வார்ஸ்' மாந்தரின் முகங்கள் ஓவியருக்கு உரியவை அல்ல. உலகமே திரையில் கண்டு பழகிய நடிகர்களின் முகங்கள் அவை. ஓவியர் அவற்றைப் பார்த்து எழுத வேண்டும். முகங்களைப் பிறப்பிக்கத் தெரிந்த ஒரு கைக்கு, ஏற்கெனவே பிறந்துவிட்ட முகங்களைப் படியெடுக்கும் வேலை தரப்பட்டது. அதனால்தான் இப்படைப்புகளில் பெயர் பெற்ற நாயகர்களைவிட, ஓரங்களில் வந்துபோகும் வணிகனும் கூலிக்காரனும் வேற்றுலக உயிர்களும் அதிக உயிரோடு தோன்றுகின்றனர். திரைப்படம் கைவைக்காத முகங்களில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

இதைக் குறையாகச் சொல்கிறோம். ஆனால் பழியாகச் சொல்லவில்லை. போரிலிருந்து மீளும் ஒரு நாட்டில், தூரிகையை நம்பி வாழ முற்பட்ட இளைஞருக்குத் தொடர்ந்த வேலையும் ஊதியமும் சிறிய செய்திகள் அல்ல. மறுமலர்ச்சிக் காலத்தில் பேரோவியர்களின் பட்டறையில் பயின்ற இளைஞர்களும் ஆசிரியரின் கையை ஒத்து வரையத்தானே பழகினார்கள். அந்தப் பயிற்சி வீண்போவதில்லை. முழு உருவைக் குறைந்த நேரத்தில் நிறுத்தும் ஆற்றலும், பல கட்டங்களில் ஒரே முகத்தை மாறாமல் காக்கும் கட்டுப்பாடும் பியுகோவிச்சுக்கு இந்த ஆண்டுகளில் கைவந்தன. அடுத்த படைப்பில் அவர் இரண்டையும் செலவிட்டார்.

இரவல் முகம்

1999இல் டி.சி. நிறுவனத்தின் வெர்ட்டிகோ பிரிவு 'மனித இலக்கு' என்னும் கதையை நான்கு இதழ்களில் வெளியிட்டது. எழுதியவர் ஆங்கிலேயரான பீட்டர் மில்லிகன். நாயகன் கிறிஸ்டபர் சான்ஸ் 1972இல் லென் வெயினும் கார்மின் இன்பான்டினோவும் படைத்த பழைய பாத்திரம். அவனுடைய தொழில் விந்தையானது. கொலை மிரட்டலுக்கு ஆளானவரின் முகத்தையும் குரலையும் நடையையும் அப்படியே ஏற்று, அவருடைய இடத்தில் தான் நின்று, பாய்ந்து வரும் தோட்டாவுக்குத் தன்னை இலக்காக்கிக்கொள்பவன்.

மில்லிகன் இப்பழைய சாகசத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பிறர் முகங்களை அணிந்து அணிந்து சான்ஸ் தன் முகத்தையே மறக்கத் தொடங்குகிறான். அவனுடைய உதவியாளன் டாம் மக்பேடனோ இன்னும் ஆழத்தில் விழுகிறான். தன் தலைவனின் முகத்தை ஏற்றவன், தானே அத்தலைவன் என்று நம்பித் தன் இல்லத்துக்கு அந்நியனாகிறான். இக்கதையில் ஏற்கப்படும் முகங்களுள் ஒன்று எர்ல் ஜேம்ஸ் என்னும் கறுப்பின மறைபோதகருடையது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் போதைமருந்துக் கும்பலுக்கு எதிராக நின்றதால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தவர் அவர். அவருடைய அங்கியை அணிந்துகொண்டு, அவருடைய மக்கள் நடுவில், நம்பிக்கை இல்லாத ஒருவன் நிற்கிறான்.

பீடத்தருகில் நின்று பேசுகிற பணியை மேற்கொண்ட எவரும் இந்த இடத்தை எளிதில் கடந்துவிட முடியாது. சொல்லும் சொல் நம்முடையதா, அணிந்த அங்கியுடையதா என்னும் கேள்வி எங்கள் பணியில் இருப்போருக்குப் புதிதன்று. ஒரு சாகசக் கதை அதை இவ்வளவு கூர்மையாக நம்முன் வைக்கும் என நாம் எதிர்பார்க்கவில்லை.

ஓவியனுக்கு இக்கதை ஒரு பொறி. எழுத்தில், 'இவன் உண்மையில் வேறொருவன்' என்று ஒரே தொடரில் சொல்லிவிடலாம். ஓவியத்தில் அம்முகம் முழுமையாக மற்றவருடையதாக இருக்க வேண்டும்; இல்லையேல் வேடம் நம்பத்தக்கதாகாது. அதே வேளையில், உள்ளே இருப்பவன் வேறொருவன் என்பதை வாசகன் உணரவும் வேண்டும். இல்லையேல் கதை நிகழாது. பியுகோவிச் இந்த முடிச்சை உடலால் அவிழ்த்தார். முகத்தை மாற்றினார், தோளின் இறுக்கத்தையும், விரல்கள் ஒன்றைப் பற்றும் விதத்தையும், தனித்திருக்கும் கணத்தில் தளரும் கழுத்தையும் கொண்டு உள்ளிருப்பவனைக் காட்டினார். நல்ல நாடகத்தில் நடிகன் செய்வதை இவர் மையால் செய்தார். வேடம் கலையும் கட்டங்களில் அவர் மிகையாக எதையும் வரையவில்லை. ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, தன்னைப் பார்த்துத் தானே திகைக்கும் ஒரு மனிதன். டோத்தின் சிக்கனமும் மாக்னுஸின் முகமும் ஜிரோவின் தோல் கரடும் இங்கே ஒன்றாகக் கரைந்து, இது இன்னாருடையது எனப் பிரித்துச் சொல்ல இயலாதபடி ஒரே கோடாகிவிட்டன. அந்தக் கோட்டுக்கு வேறு பெயரில்லை. பியுகோவிச் என்பதே அதன் பெயர்.

சிந்தனை வரலாற்றில் ஒரு சொல்லை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். இலத்தீனில் 'பெர்சோனா' என்பது முதலில் நாடக மேடையில் நடிகர் அணிந்த முகமூடியைக் குறித்தது. பிறகு அவர் ஏற்ற பாத்திரத்தையும், சட்டத்தில் உரிமையுடைய ஆளையும் குறித்தது. திருச்சபையின் தொடக்கக் கால அறிஞர்கள் மூவொரு இறைவனைப் பற்றிப் பேசச் சொல் தேடியபோது, இச்சொல்லையே எடுத்து அதற்கு ஆழமான பொருள் தந்தனர். வெறும் தோற்றம் என்று பொருள்பட்டிருந்த சொல், எதனாலும் ஈடு செய்ய முடியாத தனி ஆளைக் குறிக்கும் சொல்லாயிற்று. முகமூடி முகமான வரலாறு அது. உறவில் நின்றுதான் ஒருவர் ஆளாகிறார் என்பது அந்த இறையியலின் கருத்து. சான்ஸும் மக்பேடனும் தம்மை இழந்தது பிறர் முகத்தை அணிந்ததனால் மட்டுமன்று. அணிந்த முகத்துக்கு உரியவரோடும், தம்மை எதிர்பார்த்து இல்லத்தில் காத்திருந்தவர்களோடும் உறவு அறுந்ததனால்.

கலைஞனின் இரவலுக்கும் இவர்களின் இரவலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. முன்னோரின் கோட்டைத் திருடி அணிபவன் அவர்களை மறைக்கிறான். அதனால் தானும் மறைகிறான். நன்றியோடு பெற்றுக்கொள்பவனோ அவர்களோடு உறவில் நிற்கிறான். அவனுக்குத் தன் முகம் பரிசாகத் திரும்பக் கிடைக்கிறது. பியுகோவிச்சின் வளர்ச்சி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. ஐந்தாண்டுகளில் அவர் கடந்து வந்த தொலைவு, முகமூடியைக் கழற்றத் தெரிந்த இளைஞரிலிருந்து, கழற்றாமலே உள்ளிருப்பவனைக் காட்டத் தெரிந்த கலைஞர்வரை நீள்கிறது.

முடிந்துபோன பக்கம்

'மனித இலக்கு' வெளிவந்த அதே ஆண்டின் டிசம்பரில் பியுகோவிச் மறைந்தார். மில்லிகன் பின்னாளில் இக்கதையைத் தொடர்ந்தார். 2002இல் ஒரு தனி நூலும், 2003 முதல் ஒரு தொடர் இதழும் வேறு ஓவியர்களின் கையால் வந்தன. அவர்களும் தேர்ந்தவர்களே. ஆயினும் முதல் நான்கு இதழ்களைப் பார்த்துவிட்டு அவற்றைப் புரட்டும்போது, ஒரு வீட்டில் ஆள் மாறியிருப்பதை அறிவது போன்ற உணர்வு தோன்றுகிறது. பிறர் இடத்தில் நின்று உயிரைப் பணயம் வைப்பவனின் கதையில், வரைந்தவரின் இடத்திலேயே பிறர் வந்து நிற்க நேர்ந்தது.

குரோஷியாவிலிருந்து கோரான் சுஜுகா, கோரான் பார்லோவ், எசாட் ரிபிச் முதலிய ஓவியர்கள் பின்னாளில் அமெரிக்கப் பதிப்பகங்களில் பெரும்பெயர் பெற்றனர். சிறிய நாடு ஒன்றிலிருந்து அவ்வளவு தொலைவுக்குக் கோடு சென்று சேரும் என்பதை முன்னரே காட்டியவர்களுள் பியுகோவிச்சும் ஒருவர்.

அவருடைய குறையையும் மறைக்க வேண்டுவதில்லை. பெண்களின் முகங்களில், ஆண்களின் முகங்களில் காட்டிய துணிவை அவர் எப்போதும் காட்டவில்லை. அழகின் வாய்பாடு அங்கே அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. தாமே எழுதித் தாமே வரைந்த பெரும்படைப்பு ஒன்றையும் அவர் விட்டுச் செல்லவில்லை. இன்னும் இருபது ஆண்டுகள் கிடைத்திருந்தால் இரண்டையும் திருத்தியிருப்பார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கிடைக்காத ஆண்டுகளை வைத்து ஒருவரை அளப்பது முறையன்று. கிடைத்த பக்கங்களே போதுமான சான்று. போர் மனிதர்களை ஒரே முகமூடிக்குள் அடைத்த காலத்தில், ஓர் இளைஞர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முகம் வரைந்தார். அவர் கற்ற கலை முழுவதும் அந்தப் பணிக்கே செலவாயிற்று.

அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு சித்திரக்கதையைக் கண்டால், பறிப்பதற்கு முன் அதன் ஒரு பக்கத்தையேனும் நாம் புரட்டிப் பார்ப்போம். அதில் வரும் மனிதர்களுக்கு முகம் இருக்கிறதா, முகமூடி மட்டும்தானா என்று பார்ப்போம். முகம் இருந்தால், பிள்ளையின் அருகில் அமர்ந்து சற்று நேரம் நாமும் படிக்கலாம்.